இங்கிலாந்து கெனால் ராலி: கார்ல போகாதீங்க, படகுலயே போங்க

நேரா மார்க்குக்கு வந்துடுறேன். கார்ல வந்து ஒரு மத்தியானம் சுத்திப் பார்த்துட்டுக் கிளம்புறவங்களுக்கு இந்த ராலி, அதான் கெனால்ல படகுங்க ஒன்னு கூடுற திருவிழா, அஞ்சுக்கு ரெண்டரை. படகுலயே வந்து, கரையோரமா கட்டிப்போட்டு, வீக்கெண்ட் முழுக்க அங்கயே கிடக்குறவங்களுக்கு நாலரை. அந்த அரை மார்க் எங்க போச்சுன்னா தண்ணி, டாய்லெட், ராத்திரி ஜெனரேட்டர், அதெல்லாம் கீழ வருது.

இடம் மிட்லாண்ட்ஸ், கிராண்ட் யூனியன் கெனால், நார்ட்டன் ஜங்ஷனுக்கு அந்தாண்ட ஒரு சின்ன ஊரு. அந்த ஊரு கெனால் சொசைட்டிக்காரங்க நடத்துறது. பேர் போடல. பைசா சம்பளம் இல்லாம ஹை விஸ் ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு மழையில நிக்கிற ரிட்டையர்டு ஆளுங்க நடத்துற விஷயத்தைப் பேர் சொல்லிக் கிழிச்சா நல்லா இருக்காது, ஆனா குறையைச் சொல்லாம விட்டா அடுத்து போறவங்க நம்மளைத் திட்டுவாங்க. படகு வாடகைக்கு எடுத்த கம்பெனிக்கும் பேர் வேண்டாம், அவங்க மேல கோவம் இருக்கு, இருந்தாலும்.

முதல்ல இந்தக் கூட்டம் எதுக்குன்னு தெரிஞ்சுக்கோங்க, தெரியாம போனா ஏதோ சந்தைன்னு நினைச்சுட்டு வந்துருவீங்க. இங்க இருக்குற கெனால் முக்கால்வாசி 1760கள்ல ஆரம்பிச்சு 1830 வாக்குல வெட்டி முடிச்சது, நிலக்கரி, களிமண், இரும்புன்னு சரக்கு ஏத்துறதுக்கு. ஜேம்ஸ் பிரிண்ட்லின்னு ஒரு இன்ஜினியர் ட்ரெண்ட் அண்ட் மெர்சி கெனாலுக்கு லாக் (படகை மேல ஏத்தி இறக்குற, ரெண்டு பக்கமும் கதவு வெச்ச தொட்டி) அகலம் ஏழடி போதும், செலவும் மிச்சம் தண்ணியும் மிச்சம்னு முடிவு பண்ணிட்டாரு, அந்த ஒரு முடிவுனால இன்னைக்கு வரைக்கும் இங்க ஓடுற நேரோபோட்ங்கற ஒல்லிப் படகுன்னா ஆறடி பத்து இன்ச் அகலம், நீளம் மட்டும் எழுபது அடி வரைக்கும் போகும். அப்புறம் ரயில் வந்துச்சு, லாரி வந்துச்சு, 1948ல அரசாங்கமே கெனால்களை எடுத்துக்கிச்சு, 1962-63 குளிர்காலத்துல வாரக்கணக்கா தண்ணி உறைஞ்சு போனதுல மிச்சம் மீதி இருந்த சரக்குத் தொழிலும் படுத்துருச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே, 1946ல, டாம் ரோல்ட், ராபர்ட் ஐக்மேன் ரெண்டு பேரும் இன்னும் சிலரைச் சேர்த்துக்கிட்டு இன்லேண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷனை ஆரம்பிச்சு, 1950 ஆகஸ்ட்ல மார்க்கெட் ஹார்பரோல நூத்துக்கு மேல படகைக் கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. இந்தக் கெனாலை மூடாதீங்க, பாருங்க, இதுல இன்னும் படகு ஓடுது, அப்படின்னு காட்டத்தான். இப்ப நடக்குற ராலி எல்லாத்துக்கும் மூத்தது அதுதான். வெளியில இருந்து பார்த்தா திருவிழா, உள்ளுக்குள்ள போராட்டம்.

அந்தப் போராட்டம் இன்னும் முடியல. 2012ல இருந்து இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் சுமார் 2000 மைல் நீர்வழியைக் கெனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட்னு ஒரு அறக்கட்டளைதான் பார்த்துக்குது, அதுக்கு அரசாங்கம் கொடுக்குற மானியம் 2027ல இருந்து குறையப் போகுது. அதனால படகுங்க பக்கவாட்டுல 'ஃபண்ட் பிரிட்டன்ஸ் வாட்டர்வேஸ்'னு பேனர் கட்டியிருந்தாங்க, கலர் கலரா தோரணம், நடுவுல இந்த பேனர்.

சரி படகு. நாங்க எடுத்தது அறுபது அடி, ஆறு பேர் படுக்கலாம். சீசன்ல வீக்கெண்டுக்கே ஆயிரம் பவுண்டைத் தொட்டுருது, மேல டீசல் டெபாசிட் தனி. ரெண்டு குடும்பமா பிரிச்சுக்கிட்டா கையைக் கடிக்காது. படகு உள்ள சும்மா சொல்லக்கூடாது, சுத்தமா இருந்துச்சு, கேஸ் அடுப்பு நாலு பர்னர், ஃப்ரிட்ஜ், ஷவர்ல வெந்நீர், ரேடியேட்டர், எல்லாம் வேலை செஞ்சுச்சு. கோவம் எங்கன்னா, படகை ஒப்படைக்கிறப்ப சொல்லித் தர்றாங்க பாருங்க, அங்க. சின்னப் பையன் ஒருத்தன் வந்து, டீசல் இன்ஜினை இப்படி ஸ்டார்ட் பண்ணணும், தினம் காலையில ஆயில் பாருங்க, ஸ்டெர்ன் கிளாண்ட்ல கிரீஸ் திருகுங்க, ப்ரொப்பெல்லர்ல குப்பை சுத்திக்கிச்சுன்னா இன்ஜினை அணைச்சுட்டு, சாவியையும் எடுத்துட்டு, வீட் ஹேட்சைத் திறந்து கையை விட்டு எடுங்கன்னு மூச்சு விடாம ஒப்பிச்சுட்டு, டில்லரை, அதான் படகைத் திருப்புற கம்பியை, என் கையில கொடுத்துட்டு முதல் பாலத்துலயே இறங்கிப் போயிட்டான். அறுபது அடி இரும்பு. டில்லரை இடது பக்கம் தள்ளினா மூக்கு வலது பக்கம் போகும், அதுவும் உடனே போகாது, நம்ம நம்பிக்கையை விட்டப்புறம் போகும். ரிவர்ஸ் போட்டா ஸ்டீயரிங்னு ஒன்னு கிடையவே கிடையாது. இதையெல்லாம் அரை மணி நேரம் நின்னு சொல்லித் தரணும், சனிக்கிழமை அவனுக்கு இன்னும் எத்தனை படகு காத்திருந்துச்சோ தெரியல.

விண்ட்லஸ் ஒன்னே ஒன்னுதான் கொடுத்தாங்க. லாக்ல பேடில்களை, அதாவது தண்ணி விடுற மதகுப் பலகைகளை, தூக்குற 'எல்' வடிவ இரும்பு, அது தண்ணிக்குள்ள விழுந்துச்சுன்னா வீக்கெண்டே காலி. கேட்டு வாங்குங்க, ரெண்டாவது தடவை கேட்டப்பதான் இன்னொன்னு வந்துச்சு.

வேகம் அதிகபட்சம் மணிக்கு நாலு மைல், கட்டியிருக்குற படகுங்களைத் தாண்டுறப்ப அதுல பாதி. இல்லைனா ஜன்னல் வழியா ஒரு தலை வெளிய வந்து "ஸ்லோ டவுன்"னு கத்தும். ரோட்ல இடது பக்கம், கெனால்ல எதிர்ல படகு வந்தா வலது பக்கம், இதை மூளை ஒத்துக்குறதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. ஊர்ல இருந்து வந்திருந்த என் மாமனார் முன்னாடி டெக்ல சேர் போட்டு உக்காந்துக்கிட்டு, "மாப்ள, நாயைக் கூட்டிட்டு நடக்குற அம்மா நம்மளை ஓவர்டேக் பண்ணிருச்சு"ன்னு லைவ் கமெண்ட்ரி.

பிரான்ஸ்டன்ல ஆறு லாக். இங்க லாக் பதினாலு அடி அகலம், ரெண்டு நேரோபோட் பக்கத்துல பக்கத்துல நிக்கலாம், அதனால அடுத்து வர்ற படகுக்குக் காத்திருந்து சேர்ந்து போறதுதான் மரியாதை, தண்ணியும் மிச்சம். மேல ஏறுறப்ப காலி லாக்குக்குள்ள போயி, கீழ்க் கதவைச் சாத்திட்டு, மேல் பக்கத்துல முதல்ல கரையில இருக்குற கிரவுண்ட் பேடிலைத் தூக்கணும். விண்ட்லஸை மாட்டிச் சுத்த சுத்த பல்சக்கரம் டக் டக் டக்குனு ஒவ்வொரு பல்லா ஏறும், அந்தக் கொக்கி விழுந்துதான்னு பார்க்காம கையை எடுத்தா விண்ட்லஸ் சுழண்டு வந்து மணிக்கட்டைப் பேத்துரும். கீழ படகுக்கு அடியில இருந்து தண்ணி கொதிச்சு வர்ற மாதிரி குமுறிக்கிட்டு வரும். மேல்க் கதவுல இருக்குற பேடிலை அவசரப்பட்டு முதல்லயே தூக்கினீங்கன்னா அருவி மாதிரி நேரா முன் டெக்ல கொட்டும், படகு முழுகுறதுக்கே வாய்ப்பு இருக்கு. கீழ இறங்குறப்ப ஆபத்து வேற பக்கம், பின்னாடி 'சில்' அப்படின்னு சொல்ற ஒரு கல் படி தண்ணிக்குள்ள மறைஞ்சிருக்கும், பக்கச் சுவத்துல வெள்ளைக் கோடு போட்டுக் காட்டியிருப்பாங்க, அந்தக் கோட்டுக்கு முன்னாடியே படகு நிக்கணும். பின்னாடி அதுல மாட்டுச்சுன்னா தண்ணி இறங்க இறங்க படகு மூக்குல தொங்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் அந்தப் பையன் ரெண்டு தடவை சொன்னான், அதுக்கு அவனுக்கு நன்றி.

லாக் தாண்டுனா பிரான்ஸ்டன் டனல், 2042 கஜம், அதாவது ரெண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 1796ல திறந்தது. வெட்டுறப்ப அளவு தப்பிப் போனதுல நடுவுல ஒரு நெளிவு இருக்கு, அந்த நெளிவுலதான் எதிர்ல ஒரு ஹெட்லைட் வரும்னு எழுதி வெச்சிருக்கும் போல. ரெண்டு படகு தாண்டலாம், தாண்டலாம்னா இடிச்சுக்காம இல்ல, மெதுவா உரசிக்கிட்டு. எங்க படகு ஹெட்லைட்டை மேல் பாக்க திருப்பி வெச்சிருந்தாங்க, எதிர்ல வந்தவரு கண்ணு கூசி கையால மறைச்சுக்கிட்டே வந்தாரு. கிளம்புறதுக்கு முன்னாடி லைட் கொஞ்சம் வலது பக்கச் சுவத்தைப் பார்த்து இருக்கான்னு செக் பண்ணிக்கோங்க. மேல காத்துக்காக விட்டிருக்குற குழி வழியா தண்ணி சொட்டும், ரெயின்கோட் போட்டுக்கோங்க, ஸ்டீயரிங்ல நிக்கிறவருக்குத் தப்பிக்க வழியே இல்லை.

ராலிக்கு வந்து சேர்ந்ததும் கிளிப்போர்டோட ஒரு பெரியவர், கட்டுற இடம் ஒதுக்குறவரு. ஃபார்ம்ல அறுபது அடின்னு தெளிவா போட்டிருந்தும் எங்களுக்கு ஒதுக்குன இடம் ஆழமே இல்லாத ஓரம், கரையில இருந்து ரெண்டடி தள்ளி தரை தட்டிருச்சு, ஒவ்வொரு படகு தாண்டுறப்பவும் தண்ணியை இழுத்துட்டுப் போகும், நாங்க ஒரு பக்கமா சாய்வோம், அடுப்புல இருக்குற சாம்பார் பாத்திரமும் கூடவே சாயும். போய் சொன்னதும் முகம் சுளிக்காம வந்து பார்த்துட்டு, வேற இடத்துல மூணாவது படகா வெளிப்பக்கம் கட்டச் சொல்லிட்டாரு. அங்க மூணு மூணு படகா பக்கத்துல பக்கத்துல கட்டுறாங்க, கரைக்குப் போகணும்னா ரெண்டு பேரோட படகைத் தாண்டித்தான் போகணும். முன் டெக் வழியா போங்க, ஜன்னலுக்குள்ள பார்க்காதீங்க, ஷூ சத்தம் வராம நடங்க, அவ்வளவுதான் சட்டம்.

இந்த மூணாவது படகா கட்டுனதுதான் இந்த வீக்கெண்டோட பெரிய லாபம்னு இப்ப தோணுது. கார்ல வந்தவங்க கரையில நின்னு படகைப் பார்க்குறாங்க, நாங்க ஒவ்வொரு தடவையும் "எக்ஸ்க்யூஸ் மீ"ன்னு சொல்லி அடுத்த வீட்டு வாசல் வழியா போயிட்டு வர்றோம், மூணாவது தடவை போறப்ப டீ வந்துருது. நடுப் படகுக்காரர் வருஷம் பூரா படகுலயே வாழ்றவரு, சொந்தமா மூரிங் (படகை நிரந்தரமா கட்டிப்போடுற இடம்) இல்லை. 1995 சட்டப்படி ஒரே இடத்துல பதினாலு நாளைக்கு மேல நிக்கக்கூடாது, நகர்ந்துக்கிட்டே இருக்கணும். 2024 ஏப்ரல்ல இருந்து இவங்களுக்கு லைசென்ஸ் கட்டணத்துல தனியா ஒரு கூடுதல் தொகை போட்டுட்டாங்க, அதைப் பத்தி அவரு பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு, ட்ரஸ்ட்டைத் திட்டுறாரு, அதே வாயால கெனாலைக் காப்பாத்த ட்ரஸ்ட்டுக்குக் காசு கொடுங்கன்னு பேனரும் கட்டியிருக்காரு. ரெண்டுமே நியாயம்தான். என் பொண்ணுக்கு லைட்டர்மேன்ஸ் ஹிட்ச் போடக் கத்துக் கொடுத்தது அவருதான். கயித்தைக் கம்பத்துல ரெண்டு சுத்து சுத்தி, ஒரு மடிப்பை இழுகயித்துக்கு அடியால கொண்டு வந்து தலையில மாட்டி, திரும்ப எதிர்ப்பக்கம் ஒரு மடிப்பு. எவ்வளவு இழுத்தாலும் இறுகிக்காது, ஒரு செகண்ட்ல அவுத்துடலாம். அவ இப்ப வீட்ல டைனிங் டேபிள் காலுக்கெல்லாம் அதைத்தான் போட்டுக்கிட்டு இருக்கா.

இப்ப குறைங்க. தண்ணி பிடிக்குற குழாய் ஒன்னே ஒன்னு, அத்தனை படகுக்கும். காலையில க்யூ. கேசட் டாய்லெட்டைக் கொட்டுற எல்சன் பாயிண்ட் ராலி நடக்குற இடத்துல கிடையாது, தூரமா ஒரு மைலுக்கு மேல, அங்க போகணும்னா படகைக் கட்டவிழ்த்து வெளிய வரணும், இல்லைனா கேசட்டைத் தள்ளுவண்டியில வெச்சு டோபாத்ல, அதான் கெனால் ஓர நடைபாதையில, ஜனங்க ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு நடக்குறப்ப நடுவுல இழுத்துக்கிட்டுப் போகணும். இழுத்துக்கிட்டுப் போனேன். கழிவைப் பம்ப் வெச்சு உறிஞ்சி எடுக்குற பம்ப்-அவுட் டாங்க் இருக்குற படகா எடுங்க, கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. ராத்திரி எட்டுல இருந்து காலையில எட்டு வரைக்கும் இன்ஜின், ஜெனரேட்டர் ஓட்டக்கூடாதுங்கறது லைசென்ஸ்லயே இருக்குற ரூல். பியர் டெண்ட்டுக்குக் கரண்ட் கொடுத்த ஜெனரேட்டருக்கு மட்டும் அந்த ரூல் பொருந்தாதாம், பதினொன்னு வரைக்கும் உறுமிக்கிட்டே இருந்துச்சு.

ப்ரோக்ராம் ஷீட் அழகா அச்சடிச்சுக் கொடுத்தாங்க, அதுல போட்டிருந்த நேரத்துக்கு எதுவுமே நடக்கல. மாறிருச்சுன்னு மைக்ல சொன்னாங்களாம், மைக் பியர் டெண்ட் பக்கத்துல, படகு வரிசையோட கடைசியில இருக்குற எங்களுக்கு ஒரு வார்த்தை கேட்கல. படகு ஓட்டுற போட்டி முடிஞ்சப்புறம்தான் போய்ச் சேர்ந்தோம், கடைசி ஆளு ரிவர்ஸ்ல மிதவைகளுக்கு நடுவுல நெளிஞ்சு வந்ததைப் பார்த்ததோட சரி. நான் அதுவரைக்கும் ரிவர்ஸ்ல ஸ்டீயரிங் கிடையாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

கடைத்தெரு சுமார். பர்கர், சிப்ஸ், பன்றி ரோஸ்ட், வெஜிடேரியனுக்கு சிப்ஸ் மேல சீஸ். சொசைட்டி அம்மாக்கள் நடத்துன டீ டெண்ட்ல மட்டும் கேக் எல்லாம் வீட்ல செஞ்சது, அங்க தைரியமா போகலாம். நிலக்கரியும் கேஸ் சிலிண்டரும் டீசலும் விக்கிற படகு ஒன்னு வந்திருந்துச்சு, டீசல் போட்டா ஓட்டுறதுக்கு எவ்வளவு, சூடேத்துறதுக்கு எவ்வளவுன்னு கேக்குறாங்க, ஓட்டுறதுக்கான பங்குக்கு வரி வேற. வழக்கமா எல்லாரும் அறுபதுக்கு நாப்பதுன்னு சொல்றாங்க. படகு இடிபடாம தொங்கவிடுற ஃபெண்டரைக் கயித்துல பின்னுறவர் ஒருத்தர், பெயிண்ட் அடிக்கிற அம்மா ஒருத்தங்க, ரோஜாவும் கோட்டையும் வரைஞ்ச பக்பி கேன் விலைக்கு வெச்சிருந்தாங்க. பக்பி லாக்குங்க பக்கத்துலயே இருக்கு, முன்னாடி படகுக்காரங்க குடிதண்ணிக்கு இந்தக் கேனை அங்கதான் வாங்குவாங்களாம். கையால வரைஞ்சது, விலை ஜாஸ்தி, ஆனா பக்கத்துக் கடையில ஸ்டிக்கர் ஒட்டி வித்த கேனை விட இதை வாங்குறதுதான் நியாயம்.

கார்ல வந்தவங்களுக்கு இதுதான் ராலி, அதனாலதான் ரெண்டரை. அவங்க கார் வேற மாட்டு வயல்ல நிக்குது, மழை பேஞ்சதும் டிராக்டர் கட்டி இழுத்தாங்க.

நாலரைக்குக் காரணம் பழைய சரக்குப் படகுங்க. ரெண்டு படகு ஜோடியா வந்திருந்துச்சு, முன்னாடி இன்ஜின் இருக்குற மோட்டார், பின்னாடி இன்ஜின் இல்லாத பட்டி. ரெண்டும் சேர்ந்து அம்பது டன் சரக்கு இழுக்கும். மோட்டார்ல போலிண்டர் இன்ஜின், ஒரே சிலிண்டர். அதை ஸ்டார்ட் பண்றதைப் பார்க்கணுமே. படகுக்காரர் ப்ளோலாம்ப்பைப் பத்த வெச்சு சிலிண்டர் தலையில இருக்குற இரும்புக் குமிழைச் சூடாக்குறாரு, பத்து நிமிஷத்துக்கு மேல ஆகுது, அதுவரைக்கும் சுத்தி நின்ன பிள்ளைங்களுக்குக் கதை சொல்லிக்கிட்டே இருக்காரு. சூடு போதும்னு தெரிஞ்சதும் பெரிய ஃப்ளைவீல்ல இருக்குற ஒரு முளையைக் காலால ஒரு உதை. அது திரும்பி வந்து உதைச்சா கால் போயிரும், அதனால உதைச்ச உடனே காலை எடுத்துடணும். முதல் உதைக்கு ஒரு இருமல். அடுத்த உதைக்கு டொங்க், ஒரு இடைவெளி, டொங்க், இன்னொரு இடைவெளி, இதோ நின்னுடும்னு நினைக்கிறப்ப அடுத்த டொங்க். புகைக்குழாய்ல இருந்து வட்டம் வட்டமா புகை மேல போகுது. என் பையன் போனைக் கீழ போட்டுட்டு வாயைப் பிளந்துக்கிட்டு நின்னான்.

பட்டியோட சொந்தக்கார அம்மா பின்னாடி கேபினுக்குள்ள வாங்கன்னு கூப்பிட்டாங்க. நீளம் பத்தடிக்குள்ள, அகலம் ஏழடி கூட இல்லை. இதுக்குள்ள ஒரு குடும்பமே வாழ்ந்திருக்கு, புருஷன், பொண்டாட்டி, பிள்ளைங்க. உள்ள இறங்கினதும் இடது பக்கம் கரி அடுப்பு, அதுக்குப் பக்கத்துல ஒரு அலமாரி, அலமாரிக் கதவைக் கீழ இறக்கினா அதுவே சாப்பாட்டு மேஜை. அதுக்கு அடுத்து இன்னொரு அலமாரி, அந்தக் கதவைக் குறுக்கால இறக்கினா கட்டில். வலது பக்கம் ஒரு பெஞ்ச், அதுல பிள்ளைங்க தூங்கும். சுவர் பூரா ஓரத்துல ஓட்டை போட்ட லேஸ் பீங்கான் தட்டு, பித்தளைக் குமிழ், கோட்டைப் படம். ஒரு இன்ச் வீணாகல. என் வீட்டுக்காரி ஒவ்வொரு அலமாரியா திறந்து பார்த்துட்டு, "துணி எங்கங்க காயப்போட்டாங்க"ன்னு கேட்டா, அந்த அம்மாவுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடிச்சுப் போச்சு. சரக்கு பகுதிக்கு மேல கயித்துல, நிலக்கரி ஏத்தின அன்னைக்குக் காயப்போட முடியாதுன்னாங்க. ரெண்டாம் உலகப் போர் நேரத்துல ஆளு இல்லாம பொம்பளைங்களுக்குப் பயிற்சி கொடுத்து இந்த மாதிரி ஜோடிப் படகுல லண்டன்ல இருந்து பர்மிங்ஹாமுக்கு சரக்கு ஏத்திட்டு, திரும்புறப்ப கோவென்ட்ரி பக்கம் நிலக்கரி ஏத்திட்டு வருவாங்களாம், ஒரு ஜோடிக்கு மூணு பேரு. அந்தக் காலத்து போட்டோ நாலஞ்சு மாட்டி வெச்சிருந்தாங்க. கரையில நின்னு பார்த்தவங்களுக்கு வெளிய பெயிண்ட் மட்டும்தான் தெரிஞ்சுச்சு, க்யூ நீளமா இருந்ததால பாதிப் பேர் திரும்பிட்டாங்க. நாங்க சாயங்காலம் ஏழு மணிக்கு, கூட்டம் கலைஞ்சப்புறம் போனோம்.

மாமனாருக்கு அங்கதான் பேச்சு திறந்துச்சு. சின்ன வயசுல பக்கிங்ஹாம் கால்வாய்ல விறகும் உப்பும் ஏத்திக்கிட்டு தோணி வர்றதைக் கண்ணால பார்த்தவரு. 1877-78 பஞ்சத்துல ஜனங்களுக்கு வேலை கொடுக்க அதுல ஒரு பகுதியை வெட்டுனாங்க, அப்ப கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபு பேரை வெச்சாங்க. இப்ப சென்னைக்குள்ள அதுமேலயே பறக்கும் ரயில் தூண் நிக்குது. "இவனுங்க நூறு படகை நிறுத்தி கத்துனானுங்க, நம்ம சும்மா இருந்துட்டோம்"னு ஒரே போடா போட்டுட்டு அந்த அம்மா கொடுத்த கேக்கை எடுத்துக்கிட்டாரு. 2008ல அதையும் சேர்த்து நாலாவது தேசிய நீர்வழின்னு அறிவிச்சிருக்காங்க மாமான்னேன். அறிவிச்சாங்கல்ல, சந்தோஷம்னாரு.

ராத்திரி லைட் போட்ட படகு ஊர்வலம், ஒரு மணி நேரம் லேட். ஒருத்தர் படகு முழுக்க எல்இடி சுத்தி டிராகன் ஆக்கியிருந்தாரு, இன்னொருத்தர் கூரை மேல ஒரு மேஜை விளக்கு மட்டும் வெச்சுட்டு ஊர்வலத்துல கெத்தா வந்தாரு, கைதட்டல் அவருக்குத்தான் ஜாஸ்தி. நாலு மைல் வேகத்துக்கும் கீழ போறதால ஒவ்வொரு படகையும் ஆற அமரப் பார்க்கலாம். படகோட வந்தவங்களுக்கு ஞாபகார்த்தமா ஒரு பித்தளைத் தட்டு கொடுக்குறாங்க. பக்கத்துப் படகுக் கதவுல அப்படி வரிசையா பல வருஷத் தட்டு அடிச்சிருந்துச்சு. வாடகைப் படகுல அடிக்க முடியாது, எங்களுது ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு.

போறதா இருந்தா சில விஷயம். வாடகைப் படகை ராலியில சேர்த்துப்பாங்களான்னு ரெண்டு பக்கமும் கேட்டுக்கோங்க, சில கம்பெனி பக்கத்துல பக்கத்துல கட்ட ஒத்துக்குறது இல்லை. கட்டுற இடம் சீக்கிரமே நிரம்பிடுது, ஃபார்ம் வந்ததும் போட்டுடணும். பிள்ளைங்களுக்கு லைஃப் ஜாக்கெட் கம்பெனியே கொடுக்கும், ஆனா சைஸை அங்கயே போட்டுப் பாருங்க. தண்ணி பல இடத்துல இடுப்பளவுதான், இருந்தாலும் லாக்ல அந்தக் கணக்கே வேற, லாக் பக்கத்துல பிள்ளைங்களை ஓட விடாதீங்க. படகை நிறுத்தணும்னு காலை நீட்டித் தள்ளாதீங்க, அறுபது அடி இரும்பு நிக்காது, கால்தான் உடையும். ராலி முடிஞ்சு படகைத் திருப்பணும்னா வைண்டிங் ஹோல் (படகு திரும்புறதுக்குன்னே அகலமா விட்ட இடம்) எங்க இருக்குன்னு மேப்ல முதல்லயே பார்த்துக்கோங்க, கெனால் அகலத்துக்கு அறுபது அடியை நினைச்ச இடத்துல திருப்ப முடியாது, எங்க இடத்துல இருந்து அது கொஞ்ச தூரம் தள்ளி இருந்ததால திங்கக்கிழமை காலையில எதிர்த் திசையில போயி திருப்பிட்டு மறுபடி எல்லாரையும் தாண்டி வந்தோம், எல்லாருக்கும் ரெண்டு தடவை டாட்டா.

வயசானவங்களைக் கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டா, தாராளமா, உக்காந்து பார்க்குறதுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. முட்டி வலி இருந்தா மட்டும் யோசிங்க, பின் கதவுல இருந்து உள்ள இறங்குற படி செங்குத்து. மாமனார் ரெண்டு தடவை தடுமாறிட்டு, அப்புறம் அவராவே திரும்பி நின்னு ஏணியில இறங்குற மாதிரி பின்பக்கமா இறங்க ஆரம்பிச்சாரு. அதுதான் சரியான முறையாம். கம்பெனிக்காரங்க அனுப்புன வீடியோவுல தெளிவா இருக்கு, டனல்ல ஹெட்லைட்டை எப்படித் திருப்பணும்ங்கறது உட்பட எல்லாமே இருக்கு. அந்த லிங்க் மெயில்ல வந்தது நாங்க படகைத் திருப்பிக் கொடுத்த மறுநாள்.